நடை சாத்தினால் சாத்தட்டும், லாட்டரி எடுக்கணும்

ஆரியங்காவு ஐயப்பனைக் கும்பிட வேன் பிடித்துப் போய், பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். மழையில்லை, டயர் பஞ்சரில்லை, லாட்டரிதான் காரணம். செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது; கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டியதுமே, அங்கே லாட்டரிக் கடைகளைப் பார்த்து நம் ஜனங்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

“அஞ்சே நிமிஷம் அத்தான், ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வந்துடுறேன்” என்று மச்சினன் இறங்கினான். பின்னாலேயே அவன் மகன். அவனுக்குப் பின்னால் மச்சினன் சம்சாரம். கடைசியில் டிரைவரும் இறங்கிப் போய்விட்டார். அர்ச்சனைச் சாமானை மடியில் வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் வேனுக்குள் வேகிறோம். வெளியே ஒலிபெருக்கியில் “நாளெயாணு, நாளெயாணு” என்று ஒரே கத்தல், நாளைக்குக் குலுக்கலாம்.

எடுத்துக்கொண்டு வந்தானா? ஒரு கட்டு முழுவதையும் விரித்தான். கடைசி நாலு எண்ணைக் கூட்டினால் ஒன்பது வரவேண்டுமாம். ஒன்பது வந்தால் நடுவில் எட்டு இருக்கிறது, எட்டு ஆகாது. எட்டு இல்லாமல் ஒன்று கிடைத்தது, அதில் இரண்டு சைபர். சைபர் வந்தால் கையில் காசு நிற்காதாம். மகனுக்கு அவன் தலைவருடைய பிறந்த தேதியில் முடிகிற எண் வேண்டும். சம்சாரம் கல்யாண நாள் தேதியைத் தேடுகிறாள். அப்புறம் மச்சினன், தென்காசியில் இருக்கிற எவனோ ஒரு சேக்காளிக்குப் போன் போட்டு, எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி அவன் அபிப்பிராயம் கேட்டான். அவன் வேண்டாம் என்றதும் அத்தனையும் கடைக்காரரிடம் திரும்பப் போயிற்று. பக்கத்துக் கடையில் போன வாரம் 5000 விழுந்ததாக யாரோ சொல்ல, கூட்டமாக அங்கே நகர்ந்தார்கள். அங்கேயும் முதலிலிருந்து கூட்டல் கணக்கு. நான் ஜன்னல் வழியாக, “ஏ மாப்ளே, நடை சாத்திருவாங்கப்பா” என்று தொண்டை வறளக் கத்துகிறேன். “இந்தா வந்துட்டேன் அத்தான்” என்கிறான், தலை மட்டும் நிமிரவில்லை.

ஒரு வழியாக வந்தான். வந்து என்ன கேட்டான் தெரியுமா? “இதை அர்ச்சனைத் தட்டுல வச்சு, சாமி பாதத்துல வச்சு எடுத்துருவோம் அத்தான்.” எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோவில் படி இறங்குவதற்குள் உச்சி பூஜை முடிந்து கதவு சாத்தியாகிவிட்டது. சாமியைப் பார்க்க முடியவில்லையே என்று அவன் முகத்தில் ஒரு சுருக்கமாவது வரவேண்டுமே! வரவில்லை.

கேரள அரசு லாட்டரியில் ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி, டிக்கெட் விலை 500 ரூபாய். 75 லட்சம் பேர் வாங்கினால் அதில் ஒருவனுக்கு அந்த 25 கோடி. 2011 கணக்குப்படி தென்காசி மாவட்ட ஜனத்தொகையே 14 லட்சம்தான். தொட்டில் பிள்ளையிலிருந்து கட்டிலில் கிடக்கிற கிழவி வரைக்கும் ஆளுக்கு ஐந்து எடுத்தாலும் 75 லட்சம் வராது. சரி, விழுந்தே விட்டது என்று வையுங்கள். முகவர் கமிஷன் 10 சதவீதம், மிச்சத்தில் 30 சதவீத வரி, அதன் மேல் சர்சார்ஜ், செஸ். கையில் நிற்பது பாதிக்குக் கொஞ்சம் மேல். இதைச் சொன்னால், “2023-ல திருப்பூர்க்காரங்களுக்கு வாளையார்ல வாங்கினதுக்கு விழலையா?” என்கிறான். விழுந்தது, நாலு பேர் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். அந்த நாலு பேரைக் காட்டித்தானே மிச்ச முக்கால் கோடிப் பேரிடம் பணம் பிடுங்குகிறார்கள்!

இதில் மச்சினன் மகன் வேறு எனக்குப் பாடம் எடுக்கிறான். “அந்தக் காசுலதான் மாமா ஏழைகளுக்கு வைத்தியம் பாக்காங்க.” காருண்யா லாட்டரி 2011-இல் அப்படித்தான் வந்தது, தெரியும். ஆனால் வாங்குகிறவன் யார்? ரப்பர் வெட்டுகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், சுமை தூக்குகிறவன். ஏழையிடம் ஆசை காட்டி வாங்கி ஏழைக்கு மருந்து கொடுப்பதை நல்லாட்சி என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1967-இல் கேரளாவில் அரசு லாட்டரியை ஆரம்பித்தது கம்யூனிஸ்ட் ஆட்சி. உழைப்பவனுக்காகக் கொடி பிடித்தவர்கள் உழைப்பவனுக்கே அதிர்ஷ்டத்தை விற்றார்கள்.

நம் பக்கம் மட்டும் யோக்கியமா? 1968-இல் அண்ணா ஆட்சியில் இங்கேயும் அரசு லாட்டரி வந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்றார்கள். எத்தனை வீடு அழிந்தது என்பது என் வயது ஆட்களுக்குத் தெரியும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அதை ஒரேயடியாக ஒழித்தார். அதற்காக அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அதே 2003 முடிவதற்குள் மதுக்கடைகளை அரசே எடுத்து நடத்த ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கல்லாவிலிருந்து கையை எடுக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் லாட்டரி, இந்தப் பக்கம் டாஸ்மாக். நடுவில் இருக்கிற நம் ஆள் இரண்டுக்கும் காசு கொடுக்கிறான்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். தீபாவளிப் பலகாரச் சீட்டுக்கு மாதம் 500 ரூபாய் போடச் சொல்லி என் மனைவி கேட்டபோது, “கையில இல்லக்கா” என்றவன் இந்த மச்சினன்தான். தபால் ஆபீஸில் ஆர்டி போடு என்றால் வட்டி கம்மியாம். அவன் மகன் கையில் இருக்கிற போன் தவணையில் வாங்கியது. இங்கே காலை ஒன்பது மணிக்கு முன்னால் முதல் காட்சி இல்லை என்று, தலைவர் படத்தை விடியற்காலையில் பார்க்க சேக்காளிகளோடு மலை தாண்டிப் போகிறான். டிக்கெட், பெட்ரோல், புரோட்டா, தியேட்டர் வாசலில் ஊற்றப் பால். வீட்டில் தாத்தாவுக்கு ராத்திரிப் பால் அரை டம்ளர்தான். நடிகன் மேல் பிரியம் இருக்கட்டும், எங்கள் காலத்திலும் இருந்தது. ஒரு படத்தை மூன்று மணி நேரம் முன்னால் பார்ப்பதற்கு ஒரு வாரக் கூலியா? அதை ரீல்ஸ் எடுத்துப் போட்டு, எத்தனை லைக் என்று என்னிடமே காட்டுகிறான்! பொறுப்பாக இரு என்று சொன்னால் நான் பூமர்.

பேசிப் பேசி வாய் வலித்துத் திரும்பி வந்தால், புளியரை எஸ் வளைவில் வேன் நின்றுவிட்டது. எதிரே கல்லும் எம்சாண்டும் (கல்லை உடைத்து எடுக்கிற மணல்) ஏற்றிய லாரிகள், ஒன்றன் பின் ஒன்றாகக் கேரளாவுக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. மேலே மூடின தார்ப்பாய் பாதி பறக்கிறது, பைக்கில் வருகிறவன் கண்ணெல்லாம் தூசி. நம் மலையை உடைத்து அங்கே அனுப்புகிறோம். 2024 டிசம்பரில் அங்கிருந்து ஆஸ்பத்திரிக் குப்பையைக் கொண்டுவந்து திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் திரும்ப அள்ளினார்கள். லாரி மட்டும் குறையவே இல்லை. இத்தனை பாரம் போனால் ரோடு தாங்குமா, வீட்டுச் சுவர் தாங்குமா? ஓட்டுக் கேட்டு வருகிற ஒருத்தனாவது இந்த லாரிகளை எடைபோட்டு அனுப்பு என்று வாய் திறக்கிறானா? இந்தத் தேர்தலுக்கு வாசலுக்கு வரட்டும், வேறு எதையும் கேட்கப்போவதில்லை, இதைத்தான் முதலில் கேட்பேன்.