பாகவதரும் கலைவாணரும் கொலைகாரர்கள் அல்ல

புரசைவாக்கம், பெரம்பூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நீளமான பதிவு சுற்றுகிறது. 1944இல் வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனைக் கொன்றது பாடக நடிகர் தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும்தான், தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள் என்கிறது அது.

இது தவறு. 1945இல் ஆயுள் தண்டனை கிடைத்தது, சென்னை உயர் நீதிமன்றமும் முதலில் அதை உறுதி செய்தது, அதுவரை சரி. ஆனால் அப்போது இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்ப, 1947இல் அதே உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. பிரிவி கவுன்சில் தீர்ப்பு சட்டத் தொகுப்புகளில் இருக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது எழுதியிருக்கும் விதம். ரிக்‌ஷாவில் போனவரைக் குத்தியதில் தொடங்கி, பாகவதர் மனதுக்குள் கறுவியதை எல்லாம் கூடவே இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். அந்த மனக்குரலுக்கு எந்தச் சாட்சியும் இல்லை, அது முழுக்க எழுதியவரின் கற்பனை. குற்றக் கதை எழுதுபவர்கள் பலர் கைது, தண்டனையோடு நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் விடுதலை வந்தால் கொலைகாரன் என்ற பாத்திரமே காணாமல் போய்விடும். அப்புறம் கதை யாரைச் சுற்றி ஓடும்? கொல்லப்பட்டவரும் இந்தப் பதிவில் வெறும் மஞ்சள் பத்திரிகைக்காரராக மட்டும்தான் வருகிறார், அவரும் ஒரு உயிர்.

தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்தக் குழுவிலேயே 1947 விடுதலையையும் போட்டுவிடுங்கள்.