காத்திருந்த குழந்தை யார் வீட்டுக் குழந்தை?

பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் மறுபடியும் அந்த மார்ஷ்மெல்லோ வீடியோ. முன்னால் வைத்த மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும்; அப்படிப் பொறுத்திருக்கும் பிள்ளை பிற்காலத்தில் ஜெயிக்குமாம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உளவியலாளர் வால்டர் மிஷல் அந்தச் சோதனையை நடத்தியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரியில். வசதிக்கும் படிப்புக்கும் குறைவில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். 2018-ல் வேறொரு குழு, அமெரிக்காவில் 1991-ல் பிறந்த குழந்தைகளைப் பத்து இடங்களில் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வின் தரவை எடுத்து, 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தது. அம்மா கல்லூரிப் படிப்பை முடிக்காத பிள்ளைகளிடம், காத்திருந்ததற்கும் 15 வயதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு, பழைய ஆய்வு சொன்னதில் பாதிதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சின்ன வயது அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. சும்மாவா? நாளைக்கும் பண்டம் இருக்கும் என்று தெரிந்த பிள்ளைதானே பொறுத்திருக்கும்! அந்தப் பெரிய ஆய்வுகூட 18 வயது நிரம்பாத தாய்மாரையும் ஆங்கிலம் பேசாத தாய்மாரையும் சேர்க்கவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். சென்னையில் பிறக்கும் குழந்தைகளை இருபது வருஷம் பின்தொடரப் போகிறோம் என்று வையுங்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தாத்தா வீட்டு முகவரி இருக்கும், குழந்தை சில மாசத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விடும். வாடகை வீடு என்றால் பதினோரு மாச அக்ரிமென்ட். கூவம் கரையில் இருந்த குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். கடைசிவரை கையில் மிஞ்சுவது பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்களின் பிள்ளைகள். அதை வைத்துக்கொண்டு ‘சென்னைக் குழந்தைகள் இப்படித்தான்’ என்று எழுதினால் எப்படி?

விட்டுப்போகாமல் பிடித்துவைக்க முடியாது என்றும் இல்லை. நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் நடக்கும் இதுபோன்ற ஆய்வில் 1972-73-ல் பிறந்த 1,037 பேர். 45 வயதில் உயிரோடு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களைக்கூடச் செலவு கொடுத்து வரவழைத்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கே நகரத்துக் குடும்பங்களை வசதிப்படி வகைப்படுத்த 1976-ல் வந்த குப்புசாமி அளவுகோலைத்தான் அடிக்கடி எடுக்கிறார்கள். அதிலுள்ள வருமான வரம்புகளை அவ்வப்போது விலைவாசிக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள். அது கேட்பது மூன்று: குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்ப வருமானம். தலைவர் என்று அப்பா பெயரை எழுதிவிட்டால், நாலு வீட்டில் வேலை செய்து அம்மா கொண்டுவரும் பணம் கணக்கில் வந்துவிடும், அவள் பத்தாவது வரை படித்தது வராது. பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆய்வு செய்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், படிவத்தில் இன்னும் மூன்று கேள்வி சேருங்கள்: அம்மா எதுவரை படித்தார், பகலில் குழந்தை யாரிடம் இருக்கிறது, பிறந்ததிலிருந்து எத்தனை தடவை வீடு மாறினார்கள்.