ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள் யார்?

முதல் கப்பல் தொகுதியில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் கைதிகள் பெரும்பாலும் கொலைகாரர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. 1787 மே மாதம் கிளம்பிய அந்த 11 கப்பல்களில் போன கைதிகளில் பெரும்பாலானோர் திருட்டு வழக்கில் சிக்கியவர்கள். அன்றைய இங்கிலாந்தில் கொலைக்குத் தண்டனை தூக்குதான். 1752ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்ப்பு வந்த இரண்டே நாளில் அதை நிறைவேற்றிவிடுவார்கள். கப்பல் ஏற்ற ஆள் எங்கே மிஞ்சும்?

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் பழைய விசாரணைப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜான் ஹட்சன் என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டி, 1783 டிசம்பர் என்று தேடுங்கள். புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன், வயது ஒன்பது. ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் எடுத்ததாக வழக்கு. கரி படிந்த கால்விரல் தடமும் ஒரு சாட்சி! ஏழு ஆண்டு நாடுகடத்தல். அந்தப் பையனும் இந்த முதல் தொகுதியில்தான் போனான்.

வழிப்பறிக்காரர்களும் அதில் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ‘பெரும்பாலும் கொலைகாரர்கள்’ என்பதற்குப் பதிவுகளில் இடமில்லை.