முகப்பு மட்டும் மிஞ்சினால் போதுமா?

நகரத்தின் பழைய மையப் பகுதியை மாற்றியமைக்கப் போகிறோம் என்று எந்த ஊரில் அறிவிப்பு வந்தாலும் கூடவே ஒரு கணினிப் படமும் வந்துவிடுகிறது. எல்லாப் படத்திலும் அதே மாலை வெயில். கீழே பழைய செங்கல் கட்டடத்தின் முகப்பு, அதன் தலைக்கு மேல் கண்ணாடிக் கோபுரம். பக்கச் சுவரில் நாலு மாடி உயரத்துக்கு ஓர் ஓவியம். முன்னால் வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நடந்து போகிறாள். அவள் எங்கே குடியிருக்கிறாள், எந்த அறையில் பயிற்சி செய்கிறாள், அதற்கு என்ன வாடகை கொடுக்கிறாள் என்பதற்கு மட்டும் அந்தத் திட்ட அறிக்கையில் ஒரு வரிகூட இருக்காது.

பழைய பேட்டைகளில் கலை வளர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வாடகை குறைவாக இருந்தது. கட்டடங்களும் வேலை செய்யத் தோதாக இருந்தன. இந்த இரண்டையும் பறித்துக்கொண்டு முகப்புக்கு மட்டும் பாலிஷ் போட்டு வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

நியூயார்க்கின் சோஹோவை எடுத்துக்கொள்வோம். இந்தக் கதை முழுவதுமாக நடந்து முடிந்த இடம் அது. அங்கே இருப்பவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த வார்ப்பிரும்புக் கட்டடங்கள். தூணையும் வளைவையும் பட்டறையில் வார்த்து, இடத்துக்குக் கொண்டுவந்து போல்ட் போட்டுப் பூட்டினார்கள். இரும்புத் தூண் மெலிதாக இருந்தாலே பாரம் தாங்கும் என்பதால் தூணுக்குத் தூண் அகலமான ஜன்னல் வைக்க முடிந்தது. உள்ளே குறுக்குச் சுவர் அதிகம் இல்லாத நீளமான தளம், உயரமான கூரை, சரக்கு ஏற்றும் லிஃப்ட். துணி வியாபாரத்துக்கும் சிறு தொழில்களுக்கும் கட்டியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழில்கள் மெல்ல வெளியேற, காலியான தளங்களுக்கு ஓவியர்களும் சிற்பிகளும் வந்தார்கள். பெரிய கேன்வாஸை நிமிர்த்தி வைக்க உயரம், பார்த்து வரைய வெளிச்சம், இரும்பையும் கல்லையும் மேலே ஏற்ற லிஃப்ட் எல்லாம் அங்கே தயாராக இருந்தன.

அங்கே குடியிருப்பது சட்டப்படி தவறு. இருந்தும் குடியிருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் கட்டட வாசலில் ஒரு சிறு பலகை மாட்ட நகர நிர்வாகம் அனுமதித்தது. உள்ளே கலைஞர் குடியிருக்கிறார் என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்தும், எந்த மாடி என்ற எண்ணும் அதில் இருக்கும். தீ விபத்து நேர்ந்தால் தீயணைப்பு வீரர்கள் ஆள் இருக்கும் மாடியைத் தெரிந்துகொள்வதற்காக. என் மனதில் ஒட்டிக்கொண்ட விவரம் இது. ஒரு நகரம் தன் கலைஞர்கள் இருப்பதை முதல்முறையாக ஒத்துக்கொண்டது தீயணைப்புத் துறையின் வசதிக்காகத்தான்.

அதே பகுதியை இடித்துத் தள்ளி பத்து வழி விரைவுச்சாலை போடும் திட்டமும் அப்போது கையில் இருந்தது. நகரங்களைப் பற்றி எழுதிவந்த ஜேன் ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்து மக்களும் வருஷக்கணக்கில் போராடியதில் 1960களின் முடிவில் அது கைவிடப்பட்டது. 1971இல், நகர நிர்வாகம் சான்றளித்த கலைஞர்கள் அங்கே குடியிருந்து வேலை செய்யலாம் என்று விதி வந்தது. 1973இல் பகுதி முழுவதும் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி ஆனது. அதற்குப் பிறகு முகப்பில் ஒரு ஜன்னலை மாற்றவும் அனுமதி வாங்க வேண்டும்.

சரி, கடைசியில் என்ன ஆனது? ஓவியர் வசித்த மாடி என்ற பெயரே விலையை ஏற்றியது. சான்றிதழ் விதியைக் கறாராக அமல்படுத்தவில்லை. 1990களில் ஓவியக் கூடங்கள் ஒவ்வொன்றாக செல்சி பகுதிக்குப் போய்விட்டன. இன்று சோஹோவில் வார்ப்பிரும்புத் தூண்கள் பத்திரமாக நிற்கின்றன. தரைத்தளம் முழுக்க ஆடம்பரக் கடைகள். சட்டம் இரும்பைக் காப்பாற்றியது. உள்ளே நடந்த வேலை அதன் கைக்கு அடங்கவில்லை.

பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் ஏறக்குறைய இதே கதைதான், வரிசைதான் வேறு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை தையல்காரரும் தச்சரும் கடைவீடுகளின் கீழே தொழில் செய்து மேலே குடியிருந்தார்கள். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2000இல் அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்ததும் வாடகை ஏறி, பல குடும்பங்கள் கிளம்பிவிட்டன. யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி வந்தது 2008இல். சுவரோவியங்கள் வந்தது 2012இல். இப்போது அந்த ஓவியங்களுக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். ஓவியங்கள் அழகானவை, அதில் எனக்குச் சண்டை இல்லை. தெரு உயிரோடு இருந்த காலத்தில் அதற்கு ஓவியம் தேவைப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதே நியூயார்க்கில் இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் இருக்கிறது, அதனால்தான் நான் இன்னும் நம்பிக்கையோடு எழுதுகிறேன். கிரீனிச் வில்லேஜில் பெல் ஆய்வுக்கூடம் இருந்த பெரிய கட்டடத் தொகுதி 1960களில் காலியானது. 1970இல் அது வெஸ்ட்பெத் என்ற பெயரில் கலைஞர் குடியிருப்பாகத் திறக்கப்பட்டது. மொத்தம் 384 வீடுகள். மாற்றி வடிவமைத்தவர் ரிச்சர்டு மேயர், அப்போது இளைஞர். நடுவில் மூடிக் கிடந்த பகுதியின் கூரையை எடுத்துவிட்டுத் திறந்த முற்றம் ஆக்கினார். அந்த முற்றத்தைப் பார்த்தபடி அரைவட்ட பால்கனிகள். தீப்பிடித்தால் ஒரு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டு வழியாகத் தப்பிக்கும் இரண்டாவது வழி அது. மேல்தளத்தில் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழு பல பத்தாண்டுகள் பயிற்சி செய்தது. கட்டடம் லாப நோக்கமில்லாத அமைப்பின் கையில் இருப்பதால், சுற்றியுள்ள பகுதி நகரத்திலேயே விலை கூடிய இடங்களில் ஒன்றாக மாறிய பிறகும் உள்ளே வாடகை கட்டுக்குள் இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. வந்தவர்கள் யாரும் போவதில்லை, அங்கேயே முதுமை அடைகிறார்கள். இளம் கலைஞர்கள் காத்திருப்புப் பட்டியலில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. சோஹோவுக்கும் இதற்கும் கட்டடக் கலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் வடிவமைப்புக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கட்டடக் கலைஞர் லினா போ பார்தி செய்தது. பீப்பாய் செய்யும் பழைய தொழிற்சாலை ஒன்றைக் கலாசார, விளையாட்டு மையமாக மாற்ற 1977இல் அவரிடம் கொடுத்தார்கள். வார இறுதியில் ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறார். ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், குடும்பங்கள் கூடி உட்கார்ந்திருக்கின்றன, ஒரு பக்கம் பொம்மலாட்டம். இது இப்படியே தொடர வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வரையத் தொடங்கினார். சுவர்களின் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து அடியில் இருந்த செங்கல்லை வெளியே காட்டினார். கூடத்தின் நடுவே தரையில் வளைந்து போகும் ஆழமில்லாத நீரோடை ஒன்றை அமைத்தார். பக்கத்திலேயே கணப்பு அடுப்பு. பட்டறை, நூலகம், நாடக அரங்கு எல்லாம் அந்தப் பழைய கூரைகளுக்கு அடியிலேயே. மனையின் பின்பக்கம் நிலத்துக்கடியில் ஓர் ஓடை போனதால் அங்கே கட்ட முடியாது. அவர் இரண்டு பக்கமும் கோபுரம் எழுப்பி, நடுவில் கான்கிரீட் பாலங்கள் போட்டு இணைத்தார். ஓடையின் மேலே பலகை பாவி, மக்கள் வெயில் காயும் இடம் ஆக்கினார். 1982இல் திறந்த மையம் இன்றும் நிரம்பி வழிகிறது. அதை நடத்தும் செஸ்க் அமைப்புக்கு, வணிக நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலிலிருந்து கட்டாயமாகச் செலுத்தும் பங்கு வருகிறது. வாடகை வாங்கிப் பிழைக்க வேண்டிய நிலை அதற்கு இல்லை. நல்ல வடிவமைப்பும் நிலையான பணமும் ஒரே இடத்தில் சேர்ந்தது அபூர்வம், அதனால்தான் அது நிற்கிறது.

இன்னொன்று, லக்காத்தோன், வசால் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் 1996இல் பிரான்சின் போர்தோவில் செய்தது. சிறிய சதுக்கம் ஒன்றை அழகுபடுத்தித் தரும்படி நகராட்சி கேட்டது. போய்ப் பார்த்தார்கள், அங்கே வசிப்பவர்களோடு பேசினார்கள். இது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, சரளைக் கல்லைப் புதுப்பியுங்கள், அடிக்கடி பெருக்குங்கள், மரங்களைக் கவனியுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2021இல் அவர்களுக்குக் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. ஒன்றும் கட்ட வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எத்தனை கட்டடக் கலைஞர்களுக்கு இருக்கும்?

புதிதாகக் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நகர மையத்தில் வீடுகள் தேவை, அதிகமாகவே தேவை. கட்டும்போது கலைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று காட்டும் அந்த இடத்தைப் பாருங்கள் என்கிறேன். பெரும்பாலும் அது தரைத்தளத்தில் கண்ணாடி போட்ட ஒரு கூடம். பளபளக்கும் டைல்ஸ், தாழ்ந்த பொய்க்கூரை, ஆணி அடிக்கச் சுவர் கிடையாது. நடனத்துக்கு, அடியில் மரச்சட்டம் கொடுத்து லேசாக மீளும் தரை வேண்டும். கான்கிரீட்டின் மேல் நேராகப் பதித்த டைல்ஸில் குதித்தால் முழங்கால் போய்விடும். சிற்பிக்கு பாரம் தாங்கும் தளமும், வண்டி நேராக உள்ளே வரும் அகலத்துக்கு வாசலும் வேண்டும். அச்சுக்கலைக்குப் பெரிய தொட்டியும், மை கலந்த நீர் போக வழியும், காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் வேண்டும். இசைக்கு இரட்டைச் சுவர். இவை எதற்கும் பெரிய செலவு இல்லை, வரைபடம் போடும்போதே சேர்த்தால். கட்டி முடித்த பிறகு சேர்ப்பதுதான் முடியாத காரியம். திட்டம் போடும் மேசையில் அந்த வேலை தெரிந்த ஒருவரை உட்கார வைத்தாலே பாதி பிரச்சினை தீரும்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். இசை கேட்கும் பேட்டை என்று விளம்பரம் செய்து வீட்டை விற்பார்கள். வாங்கி வந்தவர் மூன்றாம் மாதம் இசைக்கூடத்தின் மேல் புகார் கொடுப்பார். இதற்குத் தெளிவான தீர்வு இருக்கிறது. பிறகு வந்தவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018இல் சேர்ந்தது. எளிய விதி. ஆனால் எல்லா மோதலும் சத்தத்தோடு முடிவதில்லை. 1981இல் மூடிய மின்நிலையத்தில் 2000இல் திறந்த டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம் லண்டனின் அந்தக் கரையையே மாற்றியது. பக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த விலையுயர்ந்த குடியிருப்புகள் எழுந்தன. 2016இல் அருங்காட்சியகம் திறந்த பார்வை மாடத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று குடியிருந்தவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்களுடைய தொந்தரவு நிஜம்தான், தனியுரிமையை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் அருங்காட்சியகத்துக்கு நெருங்கி அப்படிக் கண்ணாடி வீடு கட்ட அனுமதித்த நாளிலேயே இந்தச் சண்டைக்கு விதை போட்டாகிவிட்டது.

சுவரோவியக்காரர்களுக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் 5பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைச் சுவர்கள் முழுக்க, உரிமையாளரின் சம்மதத்தோடு, கிராஃபிட்டி ஓவியர்கள் வருஷக்கணக்கில் வரைந்தார்கள். பல நாட்டிலிருந்தும் பார்க்க வந்தார்கள். 2013 நவம்பரில் ஓர் இரவில் எல்லாவற்றின் மேலும் வெள்ளை அடித்துவிட்டார்கள். எடுத்துவைக்கவோ ஒழுங்காகப் படமெடுக்கவோ அவகாசம் தரவில்லை. பிறகு கட்டடத்தையும் இடித்தார்கள். கலைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018இல் 21 பேரின் 45 ஓவியங்களுக்கு, ஒன்றுக்கு 1,50,000 டாலர் வீதம் 67,50,000 டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவானது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதே மனையில் எழுந்த அடுக்குமாடிக்கு 5பாயின்ட்ஸ் என்ற பெயரையே வைத்தார்கள்.

கலைஞர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை, அவர்கள் வந்ததால்தானே வாடகையே ஏறியது என்று கேட்கிறவர்கள் உண்டு. முதல் பாதி நியாயமான கேள்வி. சலுகை அவர்களுக்கு மட்டும் என்றால் நானும் எதிர்ப்பேன். ஓவியத்துக்கு மரச்சட்டம் போடுகிறவர், இரும்பு வெட்டுகிறவர், வாத்தியம் பழுது பார்க்கிறவர், சுவரொட்டி அச்சடிக்கிறவர் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் ஓவியரோ நாடகக்காரரோ அங்கே இருந்து என்ன செய்ய முடியும்? குறைந்த வாடகை அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஹூஸ்டனில் ரிக் லோவும் நண்பர்களும் 1993இல் தொடங்கிய ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ், இடிக்கவிருந்த 22 சின்ன மர வீடுகளை எடுத்து, சிலவற்றைக் கலைக்கும் சிலவற்றை, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் இளம் தாய்மார்களுக்கும் கொடுத்தது. ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்து வீடுகள். இரண்டாவது பாதிக்கு என் பதில், வாடகையை ஏற்றுகிறவர் வாடகை வாங்குகிறவர். கொடுக்க முடியாமல் மூட்டை கட்டுகிறவரைப் பார்த்து அதைச் சொல்வது அநியாயம்.

இப்படி ஒரு திட்டம் பற்றிய பொதுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் சுவரின் நிறத்தையும் சிலை எங்கே வைப்பது என்பதையும் பற்றியே பேசித் திரும்பிவிடுகிறோம். பணிக்கூடங்களின் குத்தகை எத்தனை வருஷம், புதுப்பிக்கும்போது வாடகை எந்தக் கணக்கில் ஏறும், கட்டடத்தை விற்றால் அந்த நிபந்தனை புது உரிமையாளரையும் கட்டுமா, தரைத்தளக் கடைகளின் அகலம் என்ன, சரக்கு லிஃப்ட் எங்கே என்று கேளுங்கள். ஐந்து வருஷக் குத்தகை என்று பதில் வந்தால், பேட்டை பிரபலமாகும்வரை மட்டும் கலைஞர்களை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது ஐம்பது வருஷம், அல்லது அறக்கட்டளைக்கே சொந்தம் என்றால் அந்தத் திட்டத்துக்கு நான் கை தூக்குவேன், அதன் கண்ணாடிக் கோபுரம் எனக்குப் பிடிக்காவிட்டாலும். இப்படி நீண்ட காலக் குத்தகையோடு நடக்கும் இடம் ஏதாவது உங்களுக்கு நேரில் தெரியும் என்றால் விவரத்தோடு எழுதுங்கள். முகப்புப் படம் வேண்டாம், குத்தகை நிபந்தனைதான் வேண்டும்.