பெண்கள் நலக் கண்காட்சியாம்!

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே, பாலக்காட்டில் நடந்த பெண்கள் நலம், பாரம்பரிய மருத்துவக் கண்காட்சிக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள், இன்னும் மெசேஜ் நிற்கவில்லை. சரி, போகட்டும்.

எந்த ஸ்டாலைப் பார்த்தாலும் அசோகாரிஷ்டம், அதான் அசோக மரப்பட்டையில் செய்கிற, பெண்களுக்கான ஆயுர்வேத மருந்து. ஒரு பேனரில் மரத்தின் படம் வேறு, பார்த்தால் நெட்டிலிங்கம்! பள்ளிக்கூட மதிலோரம் ஒல்லியாக, அலை அலையான இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்குமே, அதுதான். நாமும் அதை அசோக மரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் மருந்துக்குப் பட்டை எடுக்கிற நிஜ அசோகம் கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பூ பூக்கிற வேறு மரம். கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சேச்சி" என்கிறான் விற்கிற பையன்.

அத்தைக்குச் சர்க்கரை. அரிஷ்டம் என்றால் வெல்லம் போட்டுப் புளிக்க வைத்தது, தானாக ஊறிய ஆல்கஹாலும் கொஞ்சம் இருக்கும், அதைச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பக்கத்து ஸ்டாலில் சீன மூலிகை, டப்பா முழுக்கச் சீன எழுத்து, யார் படிப்பது?

உட்கார ஒரு நாற்காலி இல்லை. பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு.

அத்தை கடைசியில் வாங்கியது வாசலில் விற்ற பழம்பொரி, ரெண்டு.