அளவு ஒன்றாக இருந்தால் போதாது

அண்ணே, "225/70ஆர்15 என்ற அளவு பொருந்தினால் போதும், பிக்கப்புக்குக் கார் டயரே போடலாம், விலையும் குறைவு" என்று சொல்லியிருக்கிறீர்கள். ரிம்மில் பொருந்தும் என்பது சரிதான். ஆனால் தாங்கும் எடை ஒன்றல்ல.

டயரின் பக்கச் சுவரில் அளவுக்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். அது தாங்கும் எடைக்கான குறியீடு, நேரடிக் கிலோ கணக்கல்ல. சாதாரண 225/70ஆர்15 டயரில் பொதுவாக 100 என்று இருக்கும். அதாவது ஒரு டயருக்கு 800 கிலோ. அதே அளவில் 'சி' எழுத்தோடு வரும் சரக்கு வண்டி டயரில் 112/110 என்றிருக்கும். முதல் எண், பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் உள்ள வண்டிக்கு: 1120 கிலோ. இரண்டாவது, இரட்டைச் சக்கரம் உள்ளதற்கு. ஒரே டயரில் 320 கிலோ வித்தியாசம்! கோலாலம்பூரின் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றும்போது பாரம் பெரும்பாலும் பின் சக்கரங்களில்தான் விழுகிறது. அளவுக்கு மீறிய பாரத்தில் டயர் சூடேறி, நெடுஞ்சாலை வேகத்தில் வெடித்துவிடலாம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரையும் நினைக்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் வண்டிக் கையேட்டிலோ, வண்டியோடு வந்த பழைய டயரிலோ இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது டயரில் அதே எண்ணோ கூடுதலோ இருக்கட்டும், குறைவாக இருந்தால் வேண்டாம்.