செய்ததைச் சொல்லுங்கள், அது போதும்

இன்னும் வேலை முடியாத வீடியோ கேமைப் பணம் கொடுத்து வாங்குவதில் எனக்குத் தயக்கமே கிடையாது. 2013 மார்ச்சில், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 'ஏர்லி ஆக்சஸ்' என்ற முன்கூட்டிய விற்பனை முறை வந்த பிறகு, இரண்டு மூன்று பேர் சேர்ந்த சிறிய குழுகூட வேலை நடக்கும்போதே கேமை விற்று, அந்தப் பணத்தில் மீதியை முடிக்க வழி பிறந்தது. ஆனால் பணம் கைமாறிய நாளுக்கும் கேம் முடியும் நாளுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த இடைக்காலத்தில் அந்தக் குழு நம்மிடம் என்ன பேசுகிறது, எப்படிப் பேசுகிறது என்பதை நான் கேமுக்கு இணையாகவே மதிக்கிறேன்.

தொழிற்சாலை கட்டி விளையாடும் 'ஃபேக்டோரியோ' கேமை உருவாக்கிய பிராக் நகரத்துக் குழு 2013 செப்டம்பரில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பதிவு எழுதத் தொடங்கியது. 2020 ஆகஸ்டில் முழுப் பதிப்பு வரும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதில் விளம்பரத் தொனியே இருக்காது. 2017 தொடக்கத்தில் வந்த ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாக, கன்வேயர் பெல்ட்டில் போகும் ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாக நகர்த்துவதிலேயே கணினி களைத்துப்போகிறது. என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்று குறித்துவைப்பதை விட்டுவிட்டு, அடுத்த பொருளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை மட்டும் குறித்தார்கள். வரிசை சேர்ந்து நகரும்போது இடைவெளிகள் மாறுவதில்லை. முன்னால் இருக்கும் ஒரு எண்ணைத் திருத்தினால் வரிசை முழுவதும் நகர்ந்துவிடும். நிரல் எழுதத் தெரியாதவருக்கும் இது புரியும். படித்து முடிக்கும்போது, 'என் பணம் வேலையாக மாறிக்கொண்டிருக்கிறது' என்ற நிம்மதி வருகிறது. "விரைவில் பல சுவாரசியமான அம்சங்கள்" என்று நூறு முறை சொன்னாலும் அந்த நிம்மதி வராது.

'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்ற கேமை உருவாக்கிய சகோதரர்களின் வேலைக் குறிப்புகளும் இதே ரகம்தான். 2015 இறுதியில் அந்த கேமில் பூனைகள் காரணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. தேடிப் பார்த்தால், மதுக்கடைத் தரையில் சிந்திய மது பூனையின் பாதத்தில் ஒட்டுகிறது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறது. நிரலோ அது ஒரு குவளை மதுவை முழுதாகக் குடித்துவிட்டதாகக் கணக்கு வைக்கிறது! பிழையை மறைக்காமல் இப்படி விளக்கிய ஒருவரிடம் அடுத்த பிழைக்காக யார் கோபப்படுவார்கள்?

எனக்குக் கசந்த அனுபவமும் உண்டு. நான் வாங்கிய ஒரு கேமின் பக்கத்தில் வண்ணவண்ணமாக ஒரு திட்ட வரைபடம் இருக்கிறது: இந்தக் காலாண்டில் இது, அடுத்த காலாண்டில் அது. எல்லாத் தேதிகளும் கடந்துவிட்டன, வரைபடம் மட்டும் அப்படியே நிற்கிறது. வருங்காலத்தைப் பற்றித் திட்டவட்டமாக வாக்களிக்காதீர்கள் என்று ஸ்டீமின் ஏர்லி ஆக்சஸ் வழிகாட்டுதலே சொல்கிறது. அதைப் படிக்காமலா விற்பனைக்கு வைத்தார்கள்?

மௌனமே மேல் என்று வாதிடுகிறவர்கள் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி கேமைக் காட்டுவார்கள். 2016 ஆகஸ்டில் வெளிவந்தபோது, பேட்டிகளில் சொன்ன பல விஷயங்கள் கேமில் இல்லை. வசைமழை பொழிந்தது. அந்தச் சிறிய குழு வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது, நவம்பரில் முதல் பெரிய அப்டேட்டைத் தந்தது, ஆண்டுக்கணக்கில் தந்துகொண்டே இருக்கிறது. உண்மைதான். ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டதும் முடிந்த வேலையைக் காட்டிப் பேசுவதைத்தானே? அந்த கேம் சில வாரம் தள்ளிப்போனதற்கே கொலை மிரட்டல்கள் வந்தன என்பதையும் நாம் மறக்கக் கூடாது. குழுக்கள் பேசப் பயப்படுவதில் விளையாடுகிற நமக்கும் பங்கு இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து கேம் குழுவான டீம் செர்ரி விஷயத்தில் மட்டும் என்னால் சமாதானமாக முடியவில்லை. அவர்களுடைய 'ஹாலோ நைட்' கேமின் தொடர்ச்சியாக 2019 தொடக்கத்தில் அறிவித்த 'சில்க்சாங்' 2025 செப்டம்பரில்தான் வந்தது. நடுவே பெரும்பகுதி மௌனம். கேம் அருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் விதை, 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 'ஹாலோ நைட்'டுக்குப் பணம் போட்டவர்களுக்குத் தருவதாகச் சொன்ன கூடுதல் கதாபாத்திரம். அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு வரி எழுதியிருக்கலாம். "வேலை நடக்கிறது, இந்த ஊர் முடிந்தது, அந்த எதிரி இன்னும் சரியாக வரவில்லை" என்றால் போதும். எழுத நேரமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அன்றைய வேலையை நான்கு வரியில் குறிக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது.

எழுத முடியாத காலமும் வரும். ஃபேக்டோரியோ குழுவுக்கும் வந்தது. 2021-இல், பெரிய விரிவாக்கம் ஒன்றைத் தொடங்குகிறோம், காட்டும்படி ஏதாவது இருக்கும்போது வருகிறோம், அதுவரை வாராந்தரப் பதிவு கிடையாது என்று சொல்லிவிட்டே நிறுத்தினார்கள். 2023 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மீண்டும் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார்கள். அதன் பிறகு விரிவாக்கம் வெளியான 2024 அக்டோபர்வரை எந்தப் பதிவையும் நான் தவறவிடவில்லை.